உதவிப் பக்கங்களை வாடிக்கையாளர்களே திருத்த விடலாமா? முடிவெடுப்பது முதல் நடத்துவது வரை முழுமையான வழிகாட்டி

விடலாம். ஆனால் திருத்தும் உரிமையும் வெளியிடும் உரிமையும் ஒரே கையில் இருக்கக் கூடாது. வாடிக்கையாளர் எழுதட்டும். அதைப் படித்து, சோதித்து, பக்கத்தில் ஏற்றுபவர் நிறுவனத்தின் ஆளாக இருக்கட்டும். அந்த ஏற்பாட்டை எப்படிக் கட்டுவது, எந்த வரிசையில் கட்டுவது என்பதுதான் இங்கே விஷயம்.

மென்பொருள் நிறுவனத்தில் உதவிப் பக்கங்களைக் கவனிக்கும் எழுத்தர், சப்போர்ட் குழுத் தலைவர், தயாரிப்பு மேலாளர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். இந்த வேலையில் புதிதாக இறங்கும் குழுக்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: முதலில் கருவியைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பொறுப்பான ஆளைக் கடைசியில் தேடுகிறார்கள். அதனால் கீழே உள்ள வரிசையைக் கூடுமானவரை மாற்றாமல் போங்கள்.

1. கேட்பது எந்தத் திருத்தம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

"நாங்களே திருத்திக்கொள்கிறோம், விடுங்கள்" என்று கேட்கும் வாடிக்கையாளர்களிடம் இரண்டு வேறுவேறு தேவைகள் இருக்கின்றன. ஒருவர் உங்கள் பக்கத்தில் ஒரு பிழையைப் பார்த்திருக்கிறார், அது எல்லோருக்கும் சரியாக வேண்டும் என்கிறார். இன்னொருவருக்குத் தன் அலுவலக நடைமுறையை உங்கள் பக்கத்தில் சேர்க்க வேண்டும். "இந்தப் படிவத்தைச் சமர்ப்பிக்கும் முன் கணக்குப் பிரிவின் ஒப்புதல் வாங்கவும்" என்பது போன்ற வரி அது.

இரண்டாவது வகை உங்கள் பொதுப் பக்கத்துக்குள் வரவே கூடாது. அது அவருடைய ஊழியர்களுக்கு மட்டும் உண்மை. மற்ற வாடிக்கையாளர் அதைப் படித்தால், மென்பொருளே அப்படி ஒரு ஒப்புதலைக் கேட்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

மென்பொருளோடு சேர்ந்து கணினியில் நிறுவப்படும் ஹெல்ப் ஃபைல்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. விண்டோஸின் சிஎச்எம் கோப்பு என்பது பல பக்கங்களைத் தொகுத்துச் சுருக்கிய ஒரே கோப்பு. அதைப் பிரித்து, திருத்தி, மறுபடி தொகுக்கச் சில வாடிக்கையாளர்களுக்குத் தெரியும், செய்தும் விடுகிறார்கள். அடுத்த மேம்படுத்தலின்போது நிறுவி பழைய கோப்பின்மேல் புதியதை எழுதும். அவர்கள் சேர்த்த அத்தனையும் போய்விடும். அப்புறம் சப்போர்ட்டுக்கு வரும் அழைப்பு கோபமான அழைப்பாகத்தான் இருக்கும்.

இதற்கு எளிய தீர்வு உண்டு. உதவி மெனுவில் "எங்கள் நிறுவனக் குறிப்புகள்" என்று ஓர் இணைப்பை வையுங்கள். அது எங்கே போக வேண்டும் என்பதை வாடிக்கையாளரின் நிர்வாகி அமைப்புகளில் நிரப்பிக்கொள்ளட்டும். அந்த அமைப்பு நிறுவல் கோப்புறைக்கு வெளியே சேமிக்கப்பட்டால், மேம்படுத்தினாலும் அழியாது. இதை முதலில் செய்துவிடுங்கள். "நாங்களே திருத்துகிறோம்" என்ற கோரிக்கைகளில் கணிசமான பகுதி இங்கேயே அடங்கிவிடும். மிச்சம் இருப்பது உண்மையான பிழைத் திருத்தம். இனி வருவதெல்லாம் அதற்காக.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை ஓர் ஆள். பெயர் சொல்லக்கூடிய ஒருவர், அவருடைய வேலை நேரத்தில் இதற்கென்று ஒதுக்கப்பட்ட மணிகளோடு. "குழுவில் யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். அவர் விடுப்பில் போனால் யார் பார்ப்பது என்பதையும் இப்போதே எழுதிவையுங்கள்.

அடுத்து, அந்த ஆளுக்கு டெவலப்பர்களிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் உரிமை வேண்டும். வாடிக்கையாளர் அனுப்பும் திருத்தங்களில் எழுத்துப் பிழைகளைத் தனியாகத் தீர்க்கலாம். "இந்த வரம்பு இப்போது மாறிவிட்டதே" என்று வரும் திருத்தத்தை மென்பொருளை எழுதியவர்தான் உறுதிசெய்ய முடியும். அவர் பதில் சொல்வது அவருடைய வேலையின் பகுதி என்று அவருடைய மேலாளர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல திருத்தங்கள்தான் அதிக நாள் தேங்கும், ஏனென்றால் கேள்வி கேட்க வேண்டியவை அவைதான்.

மூன்றாவது, ஒரே மூலம். அதே விளக்கம் இணையப் பக்கத்தில் ஒரு பிரதி, பிடிஎஃப்பில் ஒரு பிரதி, மென்பொருளுக்குள் ஒரு பிரதி என்று கையால் பராமரிக்கப்பட்டால் வாடிக்கையாளர் திருத்துவது ஒன்றை மட்டும்தான். மற்ற இரண்டிலும் பிழை அப்படியே இருக்கும். மூன்றும் ஒரே மூலக் கோப்பிலிருந்து உருவாகும்படி முதலில் மாற்றுங்கள்.

யார், எப்போது, எதை மாற்றினார் என்ற வரலாறும் வேண்டும். ஒரு மாற்றத்தை ஒரே அழுத்தில் திரும்பப் பெற முடிய வேண்டும். கோப்புகளின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கிட் என்ற கருவி இதைத் தருகிறது, நல்ல விக்கி மென்பொருள்களும் தருகின்றன.

கடைசியாக ஒரே ஒரு பக்கத்தில் நடைக் குறிப்பு. பொத்தான் பெயரை எப்படி எழுதுவது, படிகளுக்கு எண் இடுவது எப்படி, ஸ்கிரீன்ஷாட்டில் என்ன தெரியக் கூடாது, அவ்வளவுதான். நாற்பது பக்க நடைக் கையேட்டை வெளியாளிடம் நீட்டினால் அவர் திருத்தாமலே போய்விடுவார்.

3. பக்கங்களை மூன்று குவியலாகப் பிரியுங்கள்

எல்லாப் பக்கங்களையும் ஒரே நாளில் திறப்பது பரவலாகக் காணும் தவறு. அதைப் போலவே, ஒரு ஆபத்தான பக்கத்தை நினைத்துப் பயந்து எல்லாவற்றையும் மூடி வைப்பதும் தவறுதான். பக்கத்துக்குப் பக்கம் முடிவெடுங்கள். கேட்க வேண்டிய கேள்வி: இந்தப் பக்கத்தில் ஒரு தவறான வரி ஒரு நாள் இருந்தால் படிப்பவருக்கு என்ன இழப்பு?

இழப்பு சில நிமிடங்கள்தான் என்றால் முதல் குவியல். எப்படிச் செய்வது என்று சொல்லும் பக்கங்கள், பிழைச் செய்திகளுக்கான விளக்கங்கள், வேறு மென்பொருளோடு இணைக்கும் வழிகள் இதில் வரும். இவற்றில் வாடிக்கையாளர் உங்களைவிட அதிகம் அறிந்தவர். நீங்கள் சோதிக்காத இயங்குதளத்திலும் நீங்கள் பார்க்காத நெட்வொர்க்கிலும் அவர்தான் ஓட்டுகிறார். இந்தக் குவியலைத் தாராளமாகத் திறங்கள்.

தரவு அழியக்கூடியவை இரண்டாவது குவியல்: பேக்கப்பிலிருந்து மீட்பது, பழைய பதிப்பிலிருந்து மாறுவது, நிரந்தர நீக்கம். இவற்றில் திருத்தம் வரட்டும், ஆனால் இருவர் பார்க்க வேண்டும். அவர்களில் ஒருவர் அந்தப் பகுதியின் டெவலப்பராக இருக்க வேண்டும்.

மூன்றாவது குவியல் மூடியே இருக்கட்டும். விலை, கட்டணம், சேவை உறுதிமொழி, தனியுரிமைக் கொள்கை, பாதுகாப்பு அறிவிப்பு ஆகியவை இதில் சேரும். அவை விளக்கங்கள் மட்டுமல்ல, நிறுவனம் கொடுக்கும் வாக்கும்கூட. இங்கே பிழையைச் சொல்ல ஒரு படிவம் போதும்.

தனியாகக் கவனிக்க வேண்டியது, நிரலிலிருந்து தானாக உருவாகும் ஏபிஐ (மற்ற நிரல்கள் உங்கள் மென்பொருளை அழைக்கும் வழி) குறிப்புப் பக்கங்கள். அவற்றை நேரடியாகத் திருத்தினால் அடுத்த உருவாக்கத்தில் அந்தத் திருத்தம் அழிந்துவிடும். வாடிக்கையாளருக்கு அது தெரியாது; ஏற்றுக்கொண்ட திருத்தத்தை நீங்களே தூக்கி எறிந்ததாக நினைப்பார். அந்தப் பக்கங்களில் திருத்தும் பொத்தானை எடுத்துவிட்டு, மூல நிரலில் உள்ள விளக்கத்துக்கு இணைப்புக் கொடுங்கள்.

4. எவ்வளவு திறப்பது என்று முடிவு செய்யுங்கள்

கருவி பற்றிய பேச்சை இந்தப் படிவரை தள்ளிவைத்ததற்குக் காரணம், மேலே உள்ள மூன்று குவியலும் தெரியாமல் கருவியைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதுதான். நடப்பில் நான்கு அளவுகள் உண்டு.

முதலாவது, பிழையைச் சொல்லும் படிவம். போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் ஆவணங்களில் இப்படி ஒன்று இருக்கிறது: பக்கத்தில் உள்ளது சரியில்லை என்றால் படிவத்தில் எழுதி அனுப்பலாம். வாடிக்கையாளருக்கு இது எளிது. ஆனால் "மூன்றாவது படி புரியவில்லை" என்று வந்தால் எழுதும் வேலை முழுவதும் உங்கள் தலையில்.

இரண்டாவது, பக்கத்தின் அடியில் குறிப்பு. பிஎச்பி என்ற நிரல் மொழியின் கையேட்டில் பயனர்கள் குறிப்பு சேர்க்கலாம், மற்றவர்கள் வாக்களிக்கலாம். மாதிரி நிரல்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். குறை என்னவென்றால், மேலே உள்ள தவறான வரி அப்படியே இருக்க, சரியான தகவல் கீழே கிடக்கும். பழைய பதிப்புக்கான குறிப்புகளும் நாளாவட்டத்தில் சேர்ந்துவிடும். இந்த வழியில் போனால், நல்ல குறிப்பை மேலே உள்ள உரையில் சேர்த்துவிட்டுக் குறிப்பை நீக்கும் வேலையை யாருக்காவது கொடுத்தே ஆக வேண்டும்.

மூன்றாவது, திருத்தி அனுப்பு, பார்த்து ஏற்றுகிறோம் என்ற முறை. மைக்ரோசாஃப்ட் தன் தொழில்நுட்பப் பக்கங்களில் பலவற்றை கிட்ஹப்பில் (கிட் கோப்புகளை வைக்கும் இணையத்தளம்) பொதுவில் வைத்து, புல் ரிக்வெஸ்ட், அதாவது "என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்ற கோரிக்கை வழியாகத் திருத்தம் வாங்குகிறது. வலை உருவாக்குவோருக்கான ஆவணத் தளமான எம்டிஎன் நீண்ட காலம் விக்கியாக இருந்து, 2020 டிசம்பரில் இந்த முறைக்கு மாறியது. சேமித்த உடனே வெளியாகும் இடத்திலிருந்து, வெளியாகும் முன் ஒருவர் பார்க்கும் இடத்துக்கு நகர்ந்தது அது. நிறுவனத்தின் உதவிப் பக்கங்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

நான்காவது, முழு விக்கி. ஆர்ச் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் விக்கி இப்படித்தான் நடக்கிறது, சிறப்பாகவும் நடக்கிறது. ஆனால் அங்கே பக்கங்களைக் கண்காணிக்கும் பெரிய தன்னார்வச் சமூகம் இருக்கிறது. மென்பொருளை வேலைக்காக மட்டும் தொடும் வாடிக்கையாளர்கள் உங்கள் பக்கங்களுக்கு இரவுக் காவல் இருக்க மாட்டார்கள். அதை எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை.

உங்கள் வாடிக்கையாளர்கள் நிரல் எழுதாதவர்கள் என்றால் கிட்ஹப் கணக்குத் தொடங்கச் சொல்வதே பெரிய தடை. அவர்களுக்கு முதல் அளவையும் மூன்றாவதையும் கலந்து கொடுங்கள்: பக்கத்தின் உரை ஒரு பெட்டியில் திறக்கும், அவர்கள் மாற்றி அனுப்புவார்கள், உங்கள் பக்கம் அது புல் ரிக்வெஸ்டாக வந்து சேரும்.

5. முதல் திருத்தம் வரும் முன் உரிமத்தைத் தீர்த்துவிடுங்கள்

இதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். நூறு பேர் எழுதிய பிறகு, ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து ஒப்புதல் கேட்பது நடக்கிற காரியமில்லை.

எழுதியவரின் வரிகளுக்கு உரிமை இயல்பாக எழுதியவருக்கே. அவற்றை நீங்கள் மாற்றவும், மொழிபெயர்க்கவும், மென்பொருளோடு விற்கவும் அவருடைய அனுமதி வேண்டும். அதற்காகப் பங்களிப்பு உடன்படிக்கை ஒன்றில் ஒப்புதல் வாங்கலாம். அல்லது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னல் 2004 முதல் பயன்படுத்தும் முறைபோல, "இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு" என்று ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம். எது என்றாலும் சட்டம் தெரிந்தவர் ஒருமுறை பார்க்கட்டும்.

உரைக்கும் மாதிரி நிரலுக்கும் உரிமத்தைத் தனித்தனியாகச் சொல்லுங்கள். எம்டிஎன்னில் உரை, எழுதியவர் பெயரைக் குறிப்பிட்டுப் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது, இப்போதைய மாதிரி நிரல்கள் யாரும் நிபந்தனையின்றிப் பயன்படுத்தும்படி பொதுவில் விடப்பட்டுள்ளன. காரணம் நடைமுறை சார்ந்தது: மாதிரி நிரலை வாடிக்கையாளர் தன் வேலையில் அப்படியே ஒட்டுவார். அதற்காக அவர் உங்கள் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்றால் அது அவருக்குத் தொல்லை.

புதியவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று: நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ போன்ற இடங்களிலிருந்து விடையை அப்படியே எடுத்து ஒட்டும் திருத்தங்கள். அந்த விடைகளுக்கு அதே உரிமத்தில் பகிர வேண்டும், எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. "சொந்தச் சொற்களில் எழுதுங்கள்" என்று திருத்தும் பெட்டியின் மேலேயே எழுதிவையுங்கள்.

6. திருத்தும் வழியை வெளியாள் போல நடந்து பாருங்கள்

பக்கத்தில் "இந்தப் பக்கத்தைத் திருத்து" என்ற பொத்தானை வைத்த பிறகு, நிறுவனக் கணக்கிலிருந்து வெளியேறி, புதுக் கணக்கில் நீங்களே ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தி அனுப்புங்கள். உள்ளே இருப்பவர்களுக்கு நேராகத் திறக்கும் பக்கம் வெளியாளுக்கு அனுமதிப் பிழையில் நிற்பது அடிக்கடி நடக்கிறது. இதை முதல் வாடிக்கையாளர் கண்டுபிடிக்கும்படி விடாதீர்கள்.

பொத்தான் சரியான கோப்பையே திறக்கிறதா என்றும் பாருங்கள். பக்கம் பல துண்டுக் கோப்புகளிலிருந்து கோக்கப்பட்டிருந்தால், பொத்தான் திறக்கும் கோப்பில் அவர் பார்த்த வரியே இருக்காது. அப்படிப்பட்ட பக்கங்களில் மேலே ஒரு குறிப்பு போதும்: "எச்சரிக்கைப் பகுதி வேறு கோப்பில் உள்ளது, இங்கே அழுத்தவும்."

அனுப்பும் படிவத்தில் மூன்றே கேள்விகள் கேளுங்கள். எந்தப் பதிப்பில் பார்த்தீர்கள்? உங்கள் கணக்குக்கு என்ன அனுமதி நிலை? எதை எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது? மூன்றாவது கேள்விதான் உயிர்நாடி. திருத்தம் தவறாக இருந்தாலும், பக்கம் எங்கே குழப்புகிறது என்பதை அந்தப் பதில் காட்டிவிடும். நான்காவது கேள்வி சேர்க்கத் தோன்றும், சேர்க்காதீர்கள்.

தொழில்நுட்பப் பக்கத்தில் ஓர் எச்சரிக்கை. வரும் திருத்தத்தை முன்னோட்டமாகக் காட்டத் தானியங்கி உருவாக்கம் வைப்பீர்கள், அது நல்ல ஏற்பாடு. ஆனால் அது வெளியாள் அனுப்பிய கோப்புகளை உங்கள் கணினியில் ஓட்டுகிறது. இத்தகைய தானியங்கி வேலைகளை ஓட்டும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் வெளியாள் எடுத்துக்கொண்ட பிரதியிலிருந்து வரும் வழக்கமான புல் ரிக்வெஸ்ட் ஓட்டத்துக்கு உங்கள் ரகசியச் சாவிகள் போகாது. "புல் ரிக்வெஸ்ட் டார்கெட்" என்ற வேறு வகை ஓட்டத்துக்குப் போகும். முன்னோட்டம் வேலை செய்யவில்லையே என்று அவசரத்தில் இரண்டாவதற்கு மாற்றிவிடாதீர்கள்.

7. வந்த திருத்தத்தைச் சோதிக்கும் வரிசை

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. புதிய ரிவியூவர் முதலில் மொழியைத் திருத்தத் தொடங்குவார், ஏனென்றால் கண்ணில் முதலில் படுவது அதுதான். அரை மணி நேரம் வாக்கியங்களைச் செப்பனிட்ட பிறகு, அந்தப் பத்தியே தவறு என்று தெரியும். வரிசை இப்படி இருக்கட்டும்: ஆபத்து, உண்மை, யாருக்குப் பொருந்தும், கடைசியாக மொழி.

ஆபத்து. ஒரு உதாரணத்தை நெருக்கமாகப் பார்ப்போம். சர்வரோடு இணைப்பது எப்படி என்ற பக்கத்தில் "சான்றிதழ் பிழை வந்தால் நிர்வாகியை அணுகவும்" என்று ஒரு வரி இருக்கிறது. வாடிக்கையாளர் அதை நீக்கிவிட்டு, "அமைப்புக் கோப்பில் சான்றிதழ் சரிபார்ப்பை அணைத்துவிட்டால் பிழை போய்விடும்" என்று எழுதி அனுப்புகிறார்.

அவர் சொல்வது நடக்கும், பிழை போய்விடும். கூடவே பாதுகாப்பும் போய்விடும். எதிரே இருப்பது உண்மையான சர்வர்தானா என்று பார்க்கும் சோதனையைத்தான் அவர் அணைக்கச் சொல்கிறார். அதன் பிறகு நடுவில் நிற்கும் எவரும் சர்வர் வேடம் போடலாம். இந்த வரி நிறுவனத்தின் பெயரில் வெளியானால் ஆயிரம் பேர் அப்படியே செய்வார்கள்.

ஆனால் நிராகரித்துவிட்டு நகர்ந்தால் அதுவும் தவறு. அவர் ஏன் எழுதினார் என்று கேளுங்கள். பெரும்பாலும் அவருடைய அலுவலக நெட்வொர்க்கில், அலுவலகமே வழங்கிய சான்றிதழ் ஓடிக்கொண்டிருக்கும். அதை உங்கள் மென்பொருளுக்கு அடையாளம் தெரிந்திருக்காது. செய்ய வேண்டியது, அலுவலகத்தின் மூலச் சான்றிதழை நம்பகப் பட்டியலில் சேர்ப்பது. அந்தப் படிதான் பக்கத்தில் இல்லை. ஆக, அவருடைய வரி தவறு, அவர் காட்டிய ஓட்டை உண்மை. சரியான படியை நீங்கள் எழுதி, வரலாற்றில் அவர் பெயரையும் சேர்த்து ஏற்றுங்கள். வாடிக்கையாளர் திருத்தங்களின் மதிப்பு முழுவதும் இந்த வகையில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சாவி, கடவுச்சொல், வாடிக்கையாளர் பெயர் ஆகியவை திருத்தத்திலோ ஸ்கிரீன்ஷாட்டிலோ இருக்கின்றனவா என்பதும் ஆபத்துச் சோதனையின் பகுதி. கிட்டில் அடுத்த மாற்றத்தில் நீக்கினால் பக்கத்திலிருந்து மறையும், வரலாற்றில் இருக்கும். எனவே சாவி ஒன்று வெளியே வந்துவிட்டால், அனுப்பியவரிடம் உடனே தனியாகச் சொல்லி அந்தச் சாவியையே ரத்து செய்யச் சொல்லுங்கள். நீக்கியதோடு விட்டுவிடாதீர்கள்.

உண்மை. திருத்தத்தில் உள்ள ஒவ்வொரு மெனு பெயரையும், கட்டளையையும், எண்ணையும் மென்பொருளைத் திறந்து பாருங்கள். படித்தால் சரியாகத் தோன்றுவது போதாது. உரையாடல் செயலியிடம் கேட்டு எடுத்து ஒட்டிய திருத்தங்கள் இப்போது வருகின்றன. அவற்றில் வாக்கியங்கள் வழவழவென்று இருக்கும், அந்தப் பெயரில் ஒரு அமைப்பே மென்பொருளில் இருக்காது.

யாருக்குப் பொருந்தும். இங்கேதான் நல்ல ரிவியூவர்களும் சறுக்குகிறார்கள். "அறிக்கைப் பக்கத்தில் 'ஏற்றுமதி' பொத்தானை அழுத்தவும்" என்று உங்கள் பக்கம் சொல்கிறது. வாடிக்கையாளர் அதை "'பகிர்' மெனுவைத் திறந்து 'கோப்பாகச் சேமி' என்பதை அழுத்தவும்" என்று மாற்றுகிறார். ரிவியூவர் தன் திரையில் பார்க்கிறார், ஏற்றுமதி பொத்தான் அங்கேயே இருக்கிறது. திருத்தம் தவறு என்று மூடுகிறார்.

இருவரும் சரி. ரிவியூவர் நிர்வாகிக் கணக்கில் இருக்கிறார், வாடிக்கையாளர் சாதாரணக் கணக்கில் இருக்கிறார். சாதாரணக் கணக்குக்கு அந்தப் பொத்தானே தெரியாது. படிவத்தில் அனுமதி நிலையைக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான். இப்படி வரும்போது ஒன்றை நீக்கி மற்றதைப் போடாதீர்கள். "நிர்வாகியாக இருந்தால்", "மற்றவர்கள்" என்று இரண்டையும் எழுதுங்கள். எந்தத் திருத்தத்தையும் தவறு என்று மூடும் முன், அவர் சொன்ன பதிப்பிலும் அவர் சொன்ன அனுமதி நிலையிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இதற்கென்று சாதாரண அனுமதியோடு ஒரு சோதனைக் கணக்கைத் தயாராக வையுங்கள்.

மொழி. இதை நீங்களே செய்துவிடுங்கள். கால்புள்ளிக்காகவும் தலைப்பின் நடைக்காகவும் வாடிக்கையாளரிடம் திருப்பி அனுப்பாதீர்கள். அவர் உங்களுக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்திருக்கிறார், அதுவும் காசு கொடுத்து வாங்கிய மென்பொருளுக்காக. நிரலுக்கான ரிவியூ பழக்கத்தில் ஊறிய டெவலப்பர்கள் பன்னிரண்டு சிறு குறைகளை வரிசையாக எழுதித் திருப்புவார்கள். அனுப்பியவர் மறுபடி வரமாட்டார்.

8. பதில் சொல்லும் கடமை

முதல் பதில் இரண்டு வேலை நாட்களுக்குள் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தானியங்கி நன்றி இதில் சேராது. முடிவு தெரியாவிட்டாலும், "பார்த்தேன், டெவலப்பரிடம் கேட்டிருக்கிறேன், வியாழக்கிழமைக்குள் சொல்கிறேன்" என்று ஒரு மனிதர் எழுதினால் போதும். காரணம் எளிது: முதல் திருத்தத்துக்குப் பதில் வராதவர் இரண்டாவதை அனுப்புவதில்லை. அதிகம் தெரிந்தவர்கள்தான் முதலில் அனுப்புகிறார்கள், முதலில் விலகுபவர்களும் அவர்களே.

நிராகரிக்கும்போது மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: ஏன் ஏற்கவில்லை, அதிலிருந்து எதை எடுத்துக்கொண்டீர்கள், அவருடைய சிக்கலுக்கு இப்போது என்ன வழி. உதாரணமாக: "சரிபார்ப்பை அணைப்பது இணைப்பைப் பாதுகாப்பற்றதாக்கும் என்பதால் அந்த வரியைச் சேர்க்கவில்லை. ஆனால் சான்றிதழைச் சேர்க்கும் படி பக்கத்தில் இல்லாதது எங்கள் குறை, இப்போது சேர்த்துவிட்டோம். உங்கள் கணினியில் அந்தப் படி வேலை செய்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா?"

சில திருத்தங்கள் உண்மையில் மென்பொருளின் பிழையைப் பற்றியவை. பொத்தான் வேலை செய்யாததால், வேலை செய்யும் சுற்றுவழியை உதவிப் பக்கத்தில் எழுதியிருப்பார். அதைப் பிழைப் பட்டியலுக்கு நகர்த்தி, டிக்கெட் எண்ணை அவருக்குக் கொடுங்கள். சுற்றுவழியைப் பக்கத்தில் போடுவதாக இருந்தால், எந்தப் பதிப்பு வரை என்று குறித்தே போடுங்கள். இல்லாவிட்டால் பிழை சரியான பிறகும் சுற்றுவழி அங்கேயே தங்கிவிடும்.

9. விளம்பரம் நுழைவதைத் தடுப்பது

முன்கூட்டியே பார்த்து ஏற்றும் முறையில் குப்பை விளம்பரம் பக்கத்தில் வராது, உங்கள் வரிசையில்தான் நிற்கும். வெளி இணைப்பு சேர்க்கும் திருத்தங்களை மட்டும் தனியாகக் குறிக்கும்படி கருவியை அமைத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழை ஒன்றைத் திருத்திவிட்டு, கூடவே தன் நிறுவன இணைப்பை நுழைப்பது பழைய உத்தி. பிழைத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டு இணைப்பை எடுத்துவிடலாம்.

பக்கத்தின் அடியில் குறிப்பு எழுத விட்டிருந்தால், அங்குள்ள இணைப்புகளுக்கு, பயனர் எழுதியது என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறியைச் சேருங்கள். கூகுள் 2019இல் அதற்கென்றே தனிக் குறி ஒன்றைக் கொண்டுவந்தது. இணைப்பால் தேடலில் பலன் இல்லை என்று தெரிந்தால் விளம்பரதாரருக்கு ஆர்வம் குறையும்.

10. புதிய பதிப்பும் மொழிபெயர்ப்பும்

வாடிக்கையாளர் திருத்துவது அவர் கையில் உள்ள பதிப்பின் பக்கத்தை. அந்தப் பிழை புதிய பதிப்பின் பக்கத்திலும் இருக்கலாம். ஏற்கும்போதே "இது வேறு எந்தப் பதிப்புகளுக்குப் பொருந்தும்?" என்று கேட்டு, அங்கும் ஏற்றுங்கள். பழைய பதிப்பில் மட்டும் சரிசெய்தால், அடுத்த வெளியீட்டில் பிழை உயிர்த்தெழும். அனுப்பியவர் அதைக் கட்டாயம் கவனிப்பார்.

மொழிபெயர்க்கப்பட்ட பக்கங்களில் இன்னொரு சிக்கல். வாடிக்கையாளர் தமிழ்ப் பக்கத்தில் ஒரு படியைத் திருத்துகிறார். பிழை மூல மொழிப் பக்கத்திலேயே இருக்கிறது என்றால், தமிழில் மட்டும் திருத்தியது அடுத்த மொழிபெயர்ப்புச் சுற்றில் பழையபடி ஆகிவிடும். எனவே சொல்நடைத் திருத்தமா, உள்ளடக்கத் திருத்தமா என்று முதலில் பிரியுங்கள். முன்னது மொழிபெயர்ப்பு நினைவகத்துக்குள் (முன்பு மொழிபெயர்த்த வாக்கியங்களின் சேமிப்பு) போக வேண்டும், பின்னது மூலப் பக்கத்துக்கு.

11. அளப்பதும், அகலப்படுத்துவதும், மூடுவதும்

எத்தனை திருத்தம் வந்தது என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மகிழ வேண்டாம். முதல் பதிலுக்கு எவ்வளவு நேரம் ஆனது, ஒருமுறை அனுப்பியவர்களில் எத்தனை பேர் மறுபடி அனுப்பினார்கள், திருத்திய பக்கத்தைப் பற்றிச் சப்போர்ட்டுக்கு வரும் கேள்விகள் குறைந்தனவா என்ற மூன்றையும் பாருங்கள். ஒரே பக்கத்துக்குத் திரும்பத் திரும்பத் திருத்தம் வந்தால் அந்தப் பக்கத்தைத் துண்டு துண்டாகத் திருத்தாதீர்கள். எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு முழுவதுமாக மாற்றி எழுதுங்கள். சில சமயம் குறை பக்கத்தில் இருக்காது, அந்தத் திரையின் வடிவமைப்பிலேயே இருக்கும். அப்போது திருத்தங்களைச் சான்றாக எடுத்துக்கொண்டு வடிவமைப்பாளரிடம் போங்கள்.

முதல் குவியலில் சில பக்கங்களோடு தொடங்கி, சொன்ன கால அளவுக்குள் தடையில்லாமல் பதில் போனால் மட்டும் அடுத்த பக்கங்களைத் திறங்கள். தொடர்ந்து நல்ல திருத்தம் அனுப்பும் வாடிக்கையாளருக்கு, முதல் குவியல் பக்கங்களில் மற்றவர்களின் திருத்தத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் உரிமை தரலாம். ஏற்றும் உரிமை மட்டும் உங்களிடம் இருக்கட்டும். அவர் நாளைக்கு வேலை மாறிப் போகலாம், அந்தப் பக்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அப்போதும் நீங்கள்தான்.

ஆள் குறைந்து, வரிசை தேங்கத் தொடங்கினால் பொத்தானை ஒப்புக்குத் தொங்கவிடாதீர்கள். முதலில் நிலுவையில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஏற்பு, நிராகரிப்பு என்று ஒரு முடிவு கொடுங்கள். பிறகு பொத்தானை எடுத்துவிட்டு அதே இடத்தில் பிழையைச் சொல்லும் படிவத்தை வையுங்கள். பழைய இணைப்புகள் அந்தப் படிவத்துக்கே வந்து சேரும்படி மாற்றி, இனி எந்த வழியில், எத்தனை நாளில் பதில் வரும் என்று முன்பு திருத்தம் அனுப்பிய எல்லோருக்கும் எழுதிவிடுங்கள்.